சாவிக்கொத்தும் சுண்ணக்கட்டியும்

பதவி உயர்வு என்றால் மகிழ்ச்சிக்குரிய செய்தி என்றே உலகம் கருதுகின்றது. உறவினர் வாழ்த்துகின்றனர். இல்லத்தார் அக்கம்பக்கத்துக்கு இனிப்பு வழங்குகின்றனர். பங்குத்தந்தை ஞாயிறு திருப்பலியின் முடிவில் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றார். ஆனால், அந்த உயர்வைப் பெற்றவருடைய உள்ளத்தில் அன்றிரவு என்ன நிகழ்கின்றது என்று கேட்பார் அரியர். ஆசிரியராயிருந்து தலைமை ஆசிரியரானவர்களைத் தனிமையில் கேட்டுப் பாருங்கள். எதையோ அடைந்துவிட்டோம் என்னும் உணர்வைக் காட்டிலும், எதையோ விட்டு வந்துவிட்டோம் என்னும் உணர்வே முந்தி நின்றது எனப் பலர் சொல்வர். நமக்கும் அவ்வாறே நேர்ந்தது. அந்த உணர்வு நம்மை ஒரு தவற்றில் கொண்டுபோய் நிறுத்தியது. அதை உணர்ந்து திருந்த நமக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டின் கதையே இது.

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவே அமைந்த ஒரு தொடக்கப் பள்ளியில் 22 ஆண்டுகள் நாம் பணியாற்றினோம். அவற்றுள் 17 ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பிலேயே கழிந்தன. சன்னலுக்கு வெளியே கன்னிப்பூ விளைந்து, அறுத்து, மறுபடியும் கும்பப்பூவுக்கு நாற்று நடுவதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவோம். பின்னக் கணக்கு வரும் வாரத்தில், வீட்டிலிருந்து மரக்காலும் நாழியும் கொண்டுவருமாறு பிள்ளைகளிடம் சொல்வோம். நெல்லை அளந்து அளந்து, அரை என்பதும் கால் என்பதும் அரைக்கால் என்பதும் அவர்களுடைய கைகளுக்குப் புரிந்த பிறகே கரும்பலகையில் எழுதுவோம். புரிந்த கணத்தில் ஒரு பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளி இருக்கிறதே, அதற்காகவே ஆசிரியர் வாழ்கின்றார் என்று சொன்னால் மிகையாகாது. சம்பளம் இல்லத்துக்கு, அந்த ஒளி நமக்கு.

2017 ஜூன் மாதம், நம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக நாம் அனுப்பப்பட்டோம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் மூன்று பக்கங்களுக்கு நீண்டது. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பணப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு, தளவாடச் சாமான்களின் பதிவேடு எனப் பதிவேடுகளே பாதிப் பட்டியலை நிரப்பின. கடைசி வரியில் ‘வெண்கல மணி - 1’ என்று எழுதியிருந்தது. கையொப்பமிட்டோம். ஒரு கனத்த சாவிக்கொத்து நம் கைக்கு வந்தது. அதுவரை அந்தக் கையில் சுண்ணக்கட்டியே இருந்து வந்தது.

தலைமை ஆசிரியருக்கும் சில பாடவேளைகள் உண்டு. ஆயினும் தமது வகுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடையாது. காலையில் ஒரு சுற்றறிக்கைக்குப் பதில். பத்து மணிக்கு எமிஸ் என்னும் கணினித் தளத்தில் விவரப் பதிவு. அதற்குள் ஒரு பெற்றோரின் முறையீடு. பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. நாம் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் அங்கு நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். ஒருவரும் நம்மை வெறுக்கவில்லை, மரியாதைதான். ஆனால் 22 ஆண்டுகள் அத்தகைய அறையில் ஒருவராய் அமர்ந்து தேநீர் அருந்திய நமக்கு, அந்த மரியாதை ஒரு கதவு சாத்தப்படும் ஓசைபோலவே கேட்டது.

அப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பை ஓர் இளம் ஆசிரியை நடத்தி வந்தார். அதே கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்; பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஜூலை மாதத்தில் ஒரு நாள் தாழ்வாரம் வழியாக நடந்தபோது, அவர் பின்னக் கணக்கு நடத்துவது செவியில் விழுந்தது. வேற்றுப் பகுதி எண்களைக் கொண்ட இரு பின்னங்களைக் கூட்டுவதில் வகுப்பு தடுமாறிக்கொண்டிருந்தது. நமக்குக் கால் நகரவில்லை. உள்ளே சென்றோம். புன்னகையோடுதான் சென்றோம். “கொடுங்க டீச்சர்” என்று சுண்ணக்கட்டியை வாங்கினோம். அரை மணி நேரம் நம்மை மறந்து கற்பித்தோம். பிள்ளைகள் சிரித்தனர், விடை சொன்னார்கள், கைதட்டினார்கள். இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. அந்த அரை மணி நேரமும் ஆசிரியை சன்னலோரமாக நின்றுகொண்டிருந்தார் என்பது வெளியே வந்த பிறகே நம் நினைவுக்கு வந்தது. அப்போதும் அதை நாம் பெரிதாக எண்ணவில்லை.

மறுவாரம் மறுபடியும் சென்றோம். அதற்கடுத்த வாரமும் சென்றோம். இளையவருக்கு வழிகாட்டுகின்றோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், அந்த ஆசிரியை கேட்ட கேள்விக்கு ஒரு சிறுவன் விடை சொல்லாமல், “பெரிய சார் வரட்டும் டீச்சர், அவரு சொல்லித் தருவாரு” என்று கூறிவிட்டான். அவன் குறும்பாகச் சொல்லவில்லை. உண்மையென நம்பியதையே சொன்னான். மறுநாள் காலை ஆசிரியை அலுவலக அறைக்கு வந்தார். அடுத்த ஆண்டு தமக்கு முதல் வகுப்பைக் கொடுக்குமாறும், ஐந்தாம் வகுப்பு நடத்தும் தகுதி தமக்கு இல்லை என்றும் சொன்னார். அழவில்லை, குறைகூறவுமில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

அவர் சென்ற பின்பு, பணியில் மூத்த ஆசிரியை ஒருவர் கதவோரம் நின்று, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: “சார், நீங்க வகுப்புக்குள்ள வந்தா நாங்களும் பிள்ளைகளா ஆயிடுறோம். அப்ப பிள்ளைகளுக்கு டீச்சர் யாரு?”

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அன்று முதல் அந்த வகுப்புக்குள் நுழைவதை நிறுத்தினோம். ஆனால் உள்ளம் நிற்கவில்லை. தாழ்வாரத்தில் நின்று செவி சாய்ப்போம். அங்கே ஒரு சொல் தவறினால் நம் முகம் சுளிக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரியைப் போல நின்றோமேயன்றி, துணை நிற்பவராய் நிற்கவில்லை. உள்ளே சென்றால் ஆசிரியையின் இடத்தைப் பறிக்கின்றோம். வெளியே நின்றால் நாம் எதற்கும் பயனற்றவராகின்றோம். இவ்விரண்டையும் தவிர வேறு வழி உண்டோ என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

நவம்பர் மாதம் வந்தது. புனித சவேரியாரின் பெருவிழா டிசம்பர் 3ஆம் நாள் அல்லவா? அதை முன்னிட்டு மறைக்கல்வி மாணவர்களுக்குச் சவேரியாரைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றுமாறு பங்குத்தந்தை நம்மைப் பணித்தார். கோட்டாற்றுத் திருவிழாவுக்குக் குழந்தைப் பருவம் முதல் சென்று வருகின்றோம். சவேரியாரை நாம் அறியாதவர்களா என்று எண்ணியே ஒப்புக்கொண்டோம். ஆனால் உரைக்காக அவருடைய மடல்களை எடுத்து வாசிக்கத் தொடங்கியபோது, தேர்ப்பவனியில் கண்ட சவேரியாருக்கு அப்பால் வேறொரு சவேரியார் நமக்குத் தென்பட்டார். அவர் ஓர் ஆசிரியர்.

1506ஆம் ஆண்டு நவார் நாட்டில் பிறந்த அவர், 1525இல் பாரிசு மாநகருக்குப் படிக்கச் சென்றார். 1530இல் முதுகலைப் பட்டம் பெற்று, அங்கேயே பொவே கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியரானார். புகழும் உயர்பதவியும் அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தன. அவரே 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பாரிசில் அரிஸ்டாட்டிலை விளக்கியவருடைய கையில் இங்கே இருந்தது ஒரு மணி. தெருத்தெருவாக அந்த மணியை அடித்துச் சிறுவர்களைக் கூட்டினார். தமிழ் அறியாத அவர், தமிழ் அறிந்தோரின் துணையோடு செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, அவற்றையே மழலைகளுக்குக் கற்பித்தார். நமது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. வெண்கல மணி - 1.

ஆனால் நம்மைத் தடுத்து நிறுத்தியது அந்த மணி அன்று. அதற்குப் பிறகு அவர் செய்தது. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், தாம் கற்பித்ததைப் பிள்ளைகள் தத்தம் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்குமாறு செய்ததை விவரிக்கின்றார். நோயாளிகள் தம்மை அழைத்தபோது, எல்லா இடத்துக்கும் தாமே செல்ல இயலாமையால், அந்தப் பிள்ளைகளையே செபிக்க அனுப்பினார். ஓர் ஊரில் சிறிது காலம் தங்கிய பின், செபங்களின் படியொன்றை அங்கே விட்டு, அதைக் கற்பிக்க ஒருவரை அமர்த்திவிட்டு, அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவார். அவ்வாறு அமர்த்தப்பட்டவர்களே கணக்கப்பிள்ளைகள். நம் கடற்கரைப் பங்குகளில் தலைமுறைகளாய்ப் பணியாற்றிய உபதேசியார்களின் முன்னோடிகள். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கடற்கரையிலிருந்து சென்றுகொண்டிருந்த வருவாயை இவர்களுக்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்தார். பணம் தேடுவதும் கணக்கு எழுதுவதும் ஆளமர்த்துவதும் தூய பணி அல்ல என்று அவர் ஒதுக்கவில்லை.

1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கும் மேல் திருமுழுக்கு அளித்ததாக எழுதுகின்றார். அவர்கள் அனைவருக்கும் தாமே ஆசிரியராய் இருந்து கற்பிப்பேன் என்று அவர் அடம்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் ஊரில் நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பார். மற்ற ஊர்களில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். தம்மிலும் குறைவாகக் கற்றவர்கள், தம்மைப்போலக் கற்பிக்க இயலாதவர்கள், தவறும் இழைக்கக்கூடியவர்கள் ஆகியோரிடம் அவர் தம் பணியை ஒப்படைத்தார். மன்சீலாசு என்னும் உடன் உழைப்பாளரை முத்துக்குளித்துறையில் நிறுத்திவிட்டு, அவருக்கு அடுத்தடுத்து மடல்கள் எழுதினார். மக்களிடம் பொறுமையாய் இருக்குமாறும் அன்பு காட்டுமாறும் அம்மடல்களில் திரும்பத் திரும்பச் சொல்கின்றார். தாமே ஓடிச்சென்று அவருடைய வேலையைச் செய்துவிடவில்லை.

இதே பாடம் விவிலியத்திலும் உண்டு. காலை முதல் மாலை வரை தாமே அமர்ந்து மக்களின் வழக்குகள் அனைத்தையும் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயைக் கண்ட அவருடைய மாமனார் இத்திரோ, இப்படியே போனால் நீரும் இளைத்துப்போவீர், மக்களும் இளைத்துப்போவர் என்ற கருத்தில் எச்சரித்து, பொறுப்பைப் பகிர்ந்தளிக்கப் பணித்தார் என்று விடுதலைப் பயண நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகின்றது. மோசேயும் அந்த அறிவுரையை ஏற்றார். பலமுறை வாசித்த பகுதிதான். அது தலைமை ஆசிரியர்களுக்கும் எழுதப்பட்டது என்பது அந்த நவம்பரில்தான் நமக்குத் தெரிந்தது.

சவேரியாரின் மற்றொரு மடலையும் உரைக்காகக் குறித்து வைத்தோம். 1544 ஜூன் மாதம், படையெடுப்புக்கு அஞ்சிய குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒதுங்கி, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். அச்செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. கடல்வழி செல்ல இயலாமற் போகவே தரைவழியாக நடந்தே குமரியை அடைந்தார். இந்தக் குறிப்பு எழுதிய தாள் நமது மேசைமீது இருந்தது. அந்த உரையை நாம் ஆற்றவே இல்லை. ஒக்கிப் புயல் வந்துவிட்டது.

2017 நவம்பர் 30ஆம் நாளை நம் மாவட்டம் மறக்க இயலாது. வாழைகளும் இரப்பர் மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல நாள்கள் ஊர்கள் இருளில் கிடந்தன. ஆனால் நிலத்தில் நேர்ந்த அழிவைவிடக் கடலில் நேர்ந்தது பெரிது. புயல் எச்சரிக்கை கிடைப்பதற்கு முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்கள் திரும்பவில்லை. நாம் பணியாற்றிய ஊரிலிருந்தும் பலர், தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் புறப்படும் விசைப்படகுகளில் சென்றிருந்தனர். கோவிலில் இரவும் பகலும் செபமாலை ஒலித்துக்கொண்டிருந்தது. கரையில் பெண்கள் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர்.

சில நாள்களுக்குப் பின் பள்ளி திறந்தது. இறைவணக்கக் கூட்டத்தில் பேசுவதற்கென ஆறுதல் மொழிகளை எழுதிக்கொண்டு சென்றிருந்தோம். பிள்ளைகளின் முகங்களைக் கண்டதும் அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுக்க நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு கர்த்தர் கற்பித்த செபத்துடன் கூட்டத்தை முடித்து வகுப்புகளுக்கு அனுப்பினோம்.

தாழ்வாரம் வழியாக நடந்தோம். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியை நாற்காலியில் இல்லை. பிள்ளைகளோடு தரையில் அமர்ந்திருந்தார். அன்று அவர் பாடநூலைத் திறக்கவில்லை. யார் யார் வீட்டிலிருந்து கடலுக்குப் போயிருக்கின்றனர், எந்தப் படகில் போயிருக்கின்றனர் என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். தந்தை, சித்தப்பா, மாமன், அண்ணன் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, எழுந்து சென்று கரும்பலகையின் வலப்பக்க மூலையில் படகுகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பெரும்பாலும் புனிதர்களின் பெயர்கள். ஒன்பது பெயர்கள் ஆயின. “ஒரு படகு வந்து சேர்ந்தது தெரிஞ்சா, அந்த வீட்டுப் பிள்ளை வந்து பேர அழிக்கணும். அதுவரைக்கும் நம்ம எல்லாரும் எல்லாப் பேரையும் சொல்லிச் செபிப்போம்” என்றார்.

நாம் வாசலுக்கு வெளியே நின்றோம். உள்ளே செல்லவில்லை. ஜூலை மாதத்தில் இருந்த நாமாக இருந்திருந்தால் உள்ளே சென்று சில நல்ல வார்த்தைகளைப் பேசியிருப்போம். அந்த வகுப்பின் அமைதியைக் கெடுத்திருப்போம். அந்தப் பிள்ளைகளிடம் அந்நேரம் பேசத் தகுதி பெற்றவர் அவரே. அவர் கடலின் மகள். காத்திருப்பது என்றால் என்னவென்று அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. நெல் விளையும் நிலத்திலிருந்து வந்த நமக்கு அது புத்தகத்தில்கூடக் கிடைக்காத அறிவு. நமக்கு முன்னால் ஒரு நல்ல ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றார் என்பதை அன்றே முதன்முறையாகப் பார்த்தோம். அவர் அன்று புதிதாக அப்படி ஆகிவிடவில்லை. பார்க்கும் கண் நமக்குத்தான் இல்லாதிருந்தது.

இலட்சத்தீவிலும் கர்நாடகம், மகாராட்டிரம், குசராத்து கரைகளிலும் படகுகள் ஒதுங்கியுள்ளன என்ற செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பிள்ளை எழுந்து சென்று ஒரு பெயரை அழித்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் ஏழு பெயர்கள் அழிந்தன. இரண்டு நின்றன.

அப்படியானால் தலைமை ஆசிரியருக்கு அப்போது என்னதான் வேலை? வேலை காத்துக்கொண்டிருந்தது, நாம் வெறுத்து ஒதுக்கிய இரும்பு அலமாரிக்குள் காத்துக்கொண்டிருந்தது. நிவாரண உதவிக்காக மனைவி யார், மக்கள் யார் என்பதற்கெல்லாம் ஆவணம் கேட்டார்கள். குடும்ப அட்டையில் தந்தையின் வீட்டுப் பெயர். பள்ளியில் திருமுழுக்குப் பெயர். வேறோர் அட்டையில் எழுத்துப் பிழையுடன் மூன்றாவது ஒரு பெயர். மூன்றும் ஒரே மனிதர் என்று எழுத்தில் உறுதிசெய்யாவிட்டால் கோப்பு நகராது. கடலில் கணவரைத் தொலைத்த பெண், அவர் அவர்தாம் என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டிய நிலை.

சேர்க்கைப் பதிவேட்டைக் கீழே இறக்கினோம். பங்குத்தந்தை பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துவந்தார். மாலை வேளைகளில் இரண்டையும் அருகருகே விரித்து, பெயருக்குப் பெயர், தேதிக்குத் தேதி ஒப்பிட்டோம். பிள்ளைகளுக்குரிய சான்றுகளைப் பிழையின்றி எழுதிக் கையொப்பமிட்டு, முத்திரையிட்டு, தாய்மாரிடம் கொடுத்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தலைமை ஆசிரியர் சலிப்புறாமல் தெளிவான கையெழுத்தில் எழுதி வைத்த ஒரு வரி, ஒரு குடும்பத்துக்குப் பற்றுக்கோடாயிற்று. செத்த காகிதம் என்று நாம் எண்ணியிருந்த அந்தப் பதிவேட்டின்முன் அன்றிரவு நமக்கு வெட்கம் வந்தது. அரசியின் காலணிப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளமாக்கிய சவேரியார் இந்த வேலையை இகழ்ந்திருக்கமாட்டார்.

ஐந்தாம் வகுப்புக்கும் நம்மாலான சிறு உதவி ஒன்று இருந்தது. ஒளிப்படக் கருவிகளுடன் வந்து பிள்ளைகளிடம் கேள்வி கேட்க விரும்பியவர்களை வாசலிலேயே நிறுத்தி, அலுவலக அறையில் அமரச்செய்து, நாமே பதில் சொல்லி அனுப்பினோம். அந்த வகுப்பின் மூலையில் எழுதியிருந்ததை வெளியார் ஒருவரும் படம் எடுக்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே செல்வதே நமது உரிமை என எண்ணியிருந்தோம். கதவைக் காப்பதும் நமது கடமை என்று அப்போது கற்றோம்.

சனவரியில் ஒரு நாள் அந்த ஆசிரியை அலுவலகத்துக்கு வந்து, “சார், பின்னக் கணக்க மறுபடி நடத்துறேன். உங்க மரக்கால் கணக்கயும் பிள்ளைகளுக்கு ஒரு தடவ காட்டுறீங்களா?” என்று கேட்டார். அழைக்கப்பட்டுச் சென்றோம். நாம் நடத்தி முடித்ததும் அவர் தொடர்ந்தார். மீன் விற்ற பணத்தில் படகுக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை பங்கு என்று கேட்கத் தொடங்கினார். வகுப்பே எழுந்து நின்று விடை சொன்னது. தத்தம் வீட்டுத் திண்ணையில் அன்றாடம் கேட்ட கணக்கு அல்லவா! நமது மரக்கால் அவர்களுக்கு ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. பங்குக் கணக்கு அவர்களுடைய வாழ்வாக இருந்தது. அந்த முகங்களில் தோன்றிய ஒளியை நாம் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தோம். அது நம்மால் வந்ததன்று. ஆயினும் நமது மகிழ்ச்சியில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்கு மாற்றக் கோரிய பேச்சை அவர் அதன்பின் எடுக்கவே இல்லை.

மீதமிருந்த இரண்டு பெயர்களும் மார்ச்சு மாதம் வரை கரும்பலகையின் மூலையில் இருந்தன. பிறகு அவை எப்போது அழிந்தன, யார் அழித்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

2018 ஜூன் மாதம், ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கினோம். அந்த இரு படகுகளுள் ஒன்றில் சென்றவருடைய மகனும் ஒருவன். “பெரிய சார் வரட்டும்” என்று ஆகஸ்டு மாதத்தில் சொன்ன அதே சிறுவன். அவனுடைய தாய் வந்திருந்தார். துணைக்கு ஆசிரியையும் வந்து நின்றார். தந்தையின் பெயர் என்ற இடத்தில் நம் எழுதுகோல் தயங்கியது. இத்தகைய நிலையில் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்ப்பது வழக்கம். உடல் கிடைக்கவில்லை. தாய் நமது தயக்கத்தைப் புரிந்துகொண்டார்.

“சாரே, பேருக்கு முன்னால ஒண்ணும் எழுத வேண்டாம்.”

எழுதவில்லை. பெயரை மட்டும், முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த முன்னோர் எழுதியதுபோலவே தெளிவாக எழுதினோம். சிறுவன் சான்றிதழை வாங்கிக்கொண்டு முதலில் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தான். பின்னரே நம்மைப் பார்த்தான். அந்த வரிசை சரியானது என்று நாம் உளமார எண்ணினோம். ஓராண்டுக்கு முன் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டோம்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் வீடுகளிலும் இத்தகைய மாற்றங்கள் வருகின்றன அல்லவா? சமையற்கட்டின் பொறுப்பை மருமகளிடம் ஒப்படைக்கும் மாமியார், கடையை மகனிடம் விடும் தந்தை, பாடற்குழுவை இளையவரிடம் கொடுக்கும் முதியவர் ஆகிய அனைவருக்கும் அந்தத் தாழ்வாரம் உண்டு. உள்ளே பிறர் கை நடுங்கும்போது வெளியே நிற்பது எளிதன்று. நம்மைவிட நன்றாக ஒருவரும் செய்யமாட்டார் என்னும் எண்ணம், அன்பின் உடையை அணிந்துகொண்டே நம்மிடம் வருகின்றது. அதை அடையாளம் காண்பது அரிது. அதற்கு ஆண்டவரின் அருள் வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் நம் மறைமாவட்டப் பள்ளிகளில் சிலர் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் எடுக்கின்றனர். அவர்களை வாழ்த்துங்கள், அவர்களுக்காகச் செபிக்கவும் செய்யுங்கள். எப்போது கதவைத் திறந்து செல்வது, எப்போது வாசலில் நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதே அந்தச் செபமாய் இருக்கட்டும். மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, கற்பித்து, கற்பிப்போரையும் உருவாக்கிவிட்டு, அடுத்த ஊருக்கு நடந்து சென்ற நம் கோட்டாற்றுப் பாதுகாவலர் அதைப் பெற்றுத் தருவாராக.